இடது பக்கத்து மாதங்கள்

எனக்கு முதலில் வலித்தது தோள்பட்டை. யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லி வைத்தது என் அத்தை, அதாவது மாமியார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வந்தால், அவள் தோளைத் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. பிறந்தது ராதாபுரம், வாக்கப்பட்டது திருநெல்வேலி டவுண். ரதவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஜெராக்ஸ் என்று பேர்தான். வருமானச் சான்றிதழ், பட்டா, முதியோர் பென்ஷன் என்று ஊரார் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுப்பதுதான் முக்கால்வாசி. தேதி தெரியாமல் வந்து நிற்பவர்களிடம் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். "சொந்தப் பிள்ள பொறந்த தேதி கூடவா தெரியாது?" என்று கேட்டுவிடுவேன். அவர்கள் முகம் சுருங்கிப் போகும். கட்டம் காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. வீட்டுக்காரர் மாரியப்பன் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். பேச்சு குறைவு. கல்யாண வீடுகளில் யாராவது "விசேஷம் உண்டா?" என்று ஆரம்பித்தால் பந்தி போட்டாச்சா என்று பார்க்கப் போய்விடுவார். பதில் சொல்ல வேண்டியது நான்.

அந்த மாதம் பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருந்தது. எனக்கு அடிக்கடி அப்படித் தள்ளும் என்பதால் டெஸ்ட் எடுக்கவில்லை. எடுத்து எடுத்து ஏமாந்து போயிருந்தேன். பிறகு கொஞ்சமாக ரத்தம் பட்டது, கறுப்பாக, துளித் துளியாக. சரி வந்துவிட்டது என்று ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். அடிவயிற்றில் இடது பக்கம் ஒரு இழுப்பு இருந்தது. மாதாமாதம் வருகிற வலிதானே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருக்கும்போது வயிற்றுக்குள் சுருக்கென்று ஏதோ விட்ட மாதிரி இருந்தது. கண் இருட்டியது. சுவரைப் பிடித்து நின்றேன். வயிற்று வலி கொஞ்சம் அடங்கி, அரை மணி நேரத்தில் தோள்பட்டையின் உச்சியில் ஒரு வலி பிடித்தது. மூச்சை இழுத்தால் குத்தியது.

"போர்வைய ஒத்தையில முறுக்காதன்னு எத்தன வாட்டி சொல்லுதேன். சுளுக்கிட்டு. போயி இசக்கிட்ட வழிச்சுட்டு வந்துரு" என்றார் அத்தை.

எங்கள் பக்கம் இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் இசக்கி அக்காவுக்கு இரட்டைப் பையன்கள். அவர்கள் பிறந்த நாளிலிருந்து தெருவில் எந்தக் கழுத்து திரும்பாவிட்டாலும் அக்கா வீட்டு வாசலுக்குத்தான் வரும். காசு வாங்க மாட்டாள். நல்லெண்ணெய் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். நானும் கிண்ணத்தில் எண்ணெயோடு போனேன்.

அக்கா எண்ணெயைச் சூடு காட்டி, தோளில் இரண்டு தடவை வழித்தாள். பிறகு பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். படுத்தேனோ இல்லையோ, வலி தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. கத்தினேன். எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது. அக்கா வழிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏட்டி, கை என்ன இப்பிடி ஐஸா கெடக்கு? வேர்த்து வேற ஊத்துது." என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "ரத்தமே இல்லியேட்டி. இது சுளுக்கு இல்ல. நான் எத்தன தோளத் தொட்டுருக்கேன். சுளுக்குன்னா எனக்கு விரல்ல தட்டும். எந்தி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அத்தைட்ட சொல்லிட்டு..." என்று இழுத்தேன்.

"ஒங்கத்தைட்ட நான் சொல்லுதேன். நீ ஆட்டோல ஏறு."

எண்ணெய்க் கையோடு அவளே என்னைப் பிடித்து ஏற்றினாள். அவள் சேலையில் படிந்த கறை இன்னும் போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலை நரைத்த ஒரு சிஸ்டர் நாடியைப் பிடித்தார். இன்னொரு கையால் பிரஷர் பட்டையைச் சுற்றினார். நாடி வேகமாக ஓடுகிறது, பிரஷர் குறைந்து கிடக்கிறது என்று சத்தமாகச் சொன்னார். பிறகு கேட்டார். "கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்தது?"

"புதன்கிழமை."

"அதுக்கு முந்தினது?"

தேதி வரவில்லை. ஊரார் கட்டத்தையெல்லாம் நிரப்புகிறவளுக்குத் தன் தேதி தெரியவில்லை.

"புதன்கிழமை வந்தது எப்பவும் போல இருந்துதா, கொறஞ்சு இருந்துதா?" அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவசரப்படுத்தவில்லை.

"கொறச்சல்தான். கறுப்பா. துளித் துளியா."

"அப்ப அது பீரியட்ஸ் இல்லம்மா" என்றார். உடனே சிறுநீர் எடுத்து டெஸ்ட் போட்டார்கள்.

இரண்டு கோடு வந்தது. ஐந்து வருஷமாக நான் காத்திருந்த இரண்டு கோடு. அதைப் பார்த்து நான் சிரித்தேனாம். இசக்கி அக்கா சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்த டாக்டரம்மா சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"கர்ப்பந்தான். ஆனா கரு கர்ப்பப்பையில இல்ல, பக்கத்துல இருக்க குழாய்ல வளந்துட்டு. குழாய் வெடிச்சு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டுது. இப்பவே ஆபரேஷன். ஒங்க வீட்டுக்காரர் எங்க?"

தாயானதும் அது இல்லாமல் போனதும் எனக்குக் கால் மணி நேரத்துக்குள் தெரிந்தது. வருத்தப்படக்கூட நேரம் இல்லை. பயம்தான் இருந்தது, செத்துப்போவேனோ என்ற பயம். என் வீட்டுக்காரர் ஓடி வந்து கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "வந்துரு."

வந்துவிட்டேன். கண் திறந்தபோது கையில் ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன், மூத்திரம் போக ஒரு டியூப், வயிற்றில் பெரிய பிளாஸ்திரி. என் இடது கருக்குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த எட்டு நாளில் எனக்கு மிகவும் பழக்கமானவள் மகேஸ்வரி சிஸ்டர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். அப்பா அம்மா மாஞ்சோலை மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்கள். எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையை விட்டு இறங்கியபோது இவர்களும் இறங்கிவிட்டார்கள். கீழே வெக்கை தாங்காமல் அவள் அம்மா ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்காருவாராம். அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் என்றுதான் நினைத்திருந்தேன். அது அதில் கால்வாசி கூட இல்லை. மகேஸ்வரி என்னைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவினாள். முதலில் மறைப்பை இழுத்துவிடுவாள், பிறகுதான் போர்வையை விலக்குவாள். "இப்போ தொடைக்கப் போறேன்க்கா, கொஞ்சம் குளிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை வைப்பாள். உடம்பைத் துடைக்கும்போது கை என்றால் கை மட்டும், கால் என்றால் கால் மட்டும் வெளியே இருக்கும். மற்றதெல்லாம் மூடியிருக்கும். டியூப் வைத்த இடத்தைச் சுத்தம் செய்யும்போது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அந்த நேரத்தில் என் கடையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு பேஜ் ஜெராக்ஸ் எவ்வளவுக்கா?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

ரத்தம் ஏற்றும்போது இரண்டு சிஸ்டர்கள் பக்கத்தில் நின்று பையில் இருக்கும் நம்பர், குரூப், என் பெயர் எல்லாவற்றையும் ஒருத்தி வாசிக்க ஒருத்தி சரிபார்த்தார்கள். பிறகு என்னையும் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. என் கடைக்கு வருகிறவர்கள் இப்படிச் சரிபார்த்தால் பாதிச் சண்டை மிச்சம்.

எனக்கு ஏற்றிய ரத்தத்துக்கு ஈடாக என் வீட்டுக்காரர் ரத்தம் கொடுத்தார். ஊசி என்றால் அவருக்கு ஆகாது. கொடுத்துவிட்டு, அங்கே தந்த ஜூஸ் பாக்கெட்டைக் குடிக்காமல் சட்டைப் பையில் வைத்து எனக்குக் கொண்டுவந்தார். எனக்கோ வாயில் தண்ணீர் ஊற்றக்கூட அனுமதி இல்லை. "நீங்க குடிங்க" என்றேன். "நீ குடிக்கிறப்போ குடி" என்று தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். அதை எடுத்துக் குடிக்க இரண்டு நாள் ஆனது. குடல் வேலை செய்ய ஆரம்பித்தால்தான் வாய்க்குத் தருவார்கள், அதற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. வார்டில் காலையும் மாலையும் எல்லோரும் கேட்பது அதைத்தான். டாக்டர் கேட்பார், சிஸ்டர் கேட்பார், பக்கத்துக் கட்டில்காரி கேட்பாள். மூன்றாம் நாள் காலையில் அத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி, "சிஸ்டர், எம் மருமகளுக்குக் காத்து பிரிஞ்சுட்டு!" என்று அறிவித்தபோது எனக்குச் சிரிப்பு வந்து தையல் பிய்வது போல வலித்தது.

சிரித்தால், இருமினால் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மகேஸ்வரி அதற்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தாள். இருமாமல் இருக்கவும் விட மாட்டாள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும் என்று மறுநாளே எழுப்பினாள். "பையக்கா. மொதல்ல ஒருக்களிச்சுப் படுங்க. கைய ஊனி எந்திங்க. காலத் தொங்கப் போட்டு உக்காருங்க. தல சுத்துதா? சுத்தலயா? இப்போ நிக்கலாம்." ஜன்னல் வரை போய் வந்தோம். எட்டு அடி இருக்கும். பாபநாசம் மலை ஏறி இறங்கியது போல ஆனது.

அத்தை அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கஞ்சி கொடுப்பார், தலை வாரிவிடுவார், பிறகு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நாலாவது நாள் மகேஸ்வரி பிளாஸ்திரி மாற்ற வந்தபோது திடீரென்று அழுதுவிட்டார்.

"சுளுக்குன்னு அனுப்புனது நாந்தான சிஸ்டர். வயித்துல ரத்தம் கொட்டுது, நான் தோள வழிக்க அனுப்புதேன். என்ன மாதிரி ஒரு கோட்டிக்காரி உண்டா?"

மகேஸ்வரி கையுறையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் குத்தவைத்தாள். "அம்மா, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு, மூச்சு விடுறதுக்கு. வயித்துல கொட்டுன ரத்தம் அதுக்கு அடியில போயித் தேங்கும். அந்தத் தசைக்கு வர்ற நரம்பும் தோளுக்கு வர்ற நரம்பும் கழுத்துல ஒரே எடத்துல இருந்துதான் பொறப்படுது. அதனால தோளுதான் வலிக்குதுன்னு மூளை நெனச்சுக்கிடும். படுத்தா ரத்தம் இன்னும் மேல வரும், வலி கூடும். யாருக்கும் தெரியாதும்மா இது."

அத்தை சமாதானம் ஆகவில்லை. நான்தான் சொன்னேன். "அத்தை, நீங்க அனுப்பாட்டா நான் வீட்டுல மாத்திரையப் போட்டுட்டுச் சுவத்துல சாஞ்சுதான் இருந்துருப்பேன். இசக்கி அக்காட்ட போகப் போயித்தான கண்டுபிடிச்சா." இது ஆறுதலுக்குச் சொன்னதில்லை, உண்மை. என்னைக் காப்பாற்றியது ஒரு தப்பான வைத்தியம். அன்று மத்தியானம் அத்தை இரண்டு இட்லி சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம், கேட்கப் பயந்துகொண்டிருந்ததை மகேஸ்வரியிடம் கேட்டேன். "அது ஏன் சிஸ்டர் அங்கன போயி உக்காந்துச்சு?"

அவள் ஒரு பழைய சார்ட்டைத் திருப்பிப் போட்டு வரைந்தாள். நடுவில் தலைகீழ்ப் பேரிக்காய் மாதிரி கர்ப்பப்பை. அதன் மேல் மூலைகளிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கருக்குழாய். குழாயின் முனைக்குப் பக்கத்தில் பாதாம் பருப்பு மாதிரி சினைப்பை. மாதம் ஒரு முட்டை ஏதாவது ஒரு சினைப்பையிலிருந்து வெளிவரும். அது ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் விந்தணு வந்து குழாயிலேயே அதோடு சேர வேண்டும். சேர்ந்த கரு, குழாய்க்குள் இருக்கும் மெல்லிய மயிர்கள் தள்ளித் தள்ளி, நாலைந்து நாளில் கர்ப்பப்பைக்கு வந்து சேரும். "குழாயோட உள்வழி சில எடத்துல ஊசி நுழையுற அளவுதான்க்கா. எப்பவோ வந்து போன தொற்றுல உள்ள தழும்பு இருந்தா கரு பாதி வழியில சிக்கிக்கிடும். கர்ப்பப்பை விரிஞ்சு குடுக்கும், குழாய் விரியாது. வெடிச்சுரும். நீங்க போர்வையப் பிழிஞ்சதுனால இல்ல. ஒங்க தப்பு எதுவுமே இல்ல."

பிளஸ் டூ வரை படித்தவள் நான். என் உடம்புக்குள் இருப்பதன் படத்தை முப்பத்தொன்றாம் வயதில்தான் கவனித்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர் வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் யாரும் படிக்கவில்லை.

"இனி எனக்குக் குழந்தை பொறக்குமா?"

"ஏன் பொறக்காது? வலது பக்கக் குழாய் நல்லா இருக்குன்னு ஆபரேஷன் நோட்டுல எழுதியிருக்காங்க. ஒண்ணு போதும்க்கா. ஆனா ஒருதரம் இப்பிடி வந்தவங்களுக்குத் திரும்ப வரலாம். அதனால நாள் தள்ளுனா வீட்டுல இருக்காதீங்க. ஒடனே வந்து எங்க இருக்குன்னு பாக்கணும்."

அந்தச் சார்ட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். ஆனால் என் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. முட்டை வலது பக்கம் வந்தால் பிடிக்க ஆள் உண்டு. இடது பக்கம் வந்தால் வீண். அப்படியானால் வருஷத்தில் ஆறு மாதம்தான் எனக்கு. மகேஸ்வரியிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதே, எதைக் கேட்பது?

தையல் பிரித்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் கழியட்டும் என்றார்கள். கழிந்தது. தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் பென்சிலால் ஒரு எழுத்துப் போட்டேன். அடிவயிற்றில் எந்தப் பக்கம் லேசாகக் குத்துகிறதோ அந்தப் பக்கம். "வ" என்றால் வலது. "இ" என்றால் இடது. வ மாதத்தில் வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குப் போவேன், பப்பாளி தொட மாட்டேன், குனிந்து பக்கெட் தூக்க மாட்டேன். இ மாதத்தில் ஒன்றும் இல்லை. எரிச்சலோடு திரிவேன். என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் எனக்கு லீவா?" என்று கேட்டார். அவர் தமாஷ் பண்ணுவது அபூர்வம். எனக்குச் சிரிக்க வரவில்லை. பாதிப் பெண்ணாகிவிட்டேன் என்று அழுதேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வ மாதங்கள் ஒவ்வொன்றாக வந்து ஏமாற்றிவிட்டுப் போயின. போன ஆவணியில் ஒரு இ மாதம். அதை நான் முன்கூட்டியே தள்ளிவிட்டேன். கடையில் பென்ஷன் விண்ணப்பக் கூட்டம் வேறு. நாள் தள்ளியது. மூன்றாம் நாளே டெஸ்ட் எடுத்தேன். இரண்டு கோடு.

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் போனால்தான் ஸ்கேனில் நன்றாகத் தெரியும், அதற்குள் வலியோ தலைசுற்றலோ வந்தால் அந்த நிமிஷமே வா என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நான் என் தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் கை மடங்கி வலித்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அத்தை பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

ஸ்கேன் அறைக்குள் என்னை மட்டும்தான் விட்டார்கள். இந்த நேரத்தில் வயிற்றின் மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியாது, கருவியை உள்வழியாகத்தான் வைப்பார்கள். வெட்கமெல்லாம் எப்போதோ போயிருந்தது. "எங்க இருக்கு டாக்டர்?" என்றுதான் கேட்டேன். உண்டா என்று கேட்கவில்லை. டாக்டரம்மா திரையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பினார்.

"கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கு. நட்ட நடுவுல. இந்தா துடிக்குது பாருங்க, அதான் இதயம்."

அரிசி மணி அளவில் ஏதோ மினுக் மினுக்கென்றது. அவர் கருவியைப் பக்கவாட்டில் நகர்த்திச் சினைப்பைகளைப் பார்த்தார். "முட்டை இடது பக்கத்துல இருந்து வந்துருக்கு."

"இல்லியே டாக்டர்" என்றேன். "இடது பக்கம் எனக்குக் குழாயே கெடையாது. எடுத்தாச்சு. ரிப்போர்ட்டப் பாருங்க, அதுல இருக்கு." படுத்துக்கொண்டே சண்டை போட்டேன்.

அவர் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். சிரித்தார். "குழாய் இல்லதான். ஆனா முட்டை இங்கன இருந்துதான் வெளிய போயிருக்கு. முட்டை போன எடத்துல சின்னதா ஒரு கட்டி உண்டாகும், அதுதான் இப்போ கருவுக்கு ஹார்மோன் குடுத்துட்டு இருக்கு. அது ஒங்களுக்கு இடது பக்கத்துலதான் இருக்கு."

"அப்பம் எப்பிடி?"

"சினைப்பையும் குழாயும் ஒட்டிப் பொறந்ததில்லம்மா. நடுவுல எடவெளி இருக்கு. குழாயோட முனை விரல் விரலா இருக்கும், அசையும். ரெண்டு சினைப்பையும் கர்ப்பப்பைக்குப் பின்னால கிட்டக் கிட்டதான் கெடக்கு. வலது பக்கத்துக் குழாய் இந்தப் பக்கம் வந்து முட்டைய எடுத்துட்டுப் போயிட்டு. நடக்குறதுதான் இது."

ஒரு வருஷமாகப் பாதி மாதங்களை நான் வேண்டாமென்று ஒதுக்கிவைத்திருந்தேன். அந்த மாதங்களிலும் எனக்காக உள்ளே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து உடம்பு குலுங்கியது. "ஆடாதீங்க, அளவு எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. ஆட்டம் நிற்கவில்லை. கருவியை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் என் வீட்டுக்காரர், பக்கத்தில் அத்தை, அவர் பக்கத்தில் இசக்கி அக்கா. என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அத்தைதான் கேட்டார்.

"எங்கட்டி இருக்கு?"

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு அத்தை."

அத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தெரிந்த அம்மா அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "என்ன, மருமகளுக்கு மேலுக்கு முடியலையா? மறுபடியும் அப்பெண்டிக்ஸா?" என்று கேட்டார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்பெண்டிக்ஸ் இல்லம்மா. அன்னைக்குக் கரு குழாய்ல நின்னு போச்சு. எம் மருமக செத்துப் பொழச்சா. இங்கன வந்து உக்காரு, மொதல்ல இருந்து சொல்லுதேன்."